ஸ்டோர் ரூமில் எரிந்த விளக்கு

மின்சார மீட்டருக்குக் காது உண்டு என்று நான் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில், தோல் பதனிடும் ஷெட்டில் இருபது பேருக்கு மேல் வேலை சொல்லும் சூப்பர்வைசர் நான். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் அதற்கு இடம் கம்மி.

போன வருடம் கோடையில் ஆரம்பித்தது. நான் இருப்பது ஆம்பூரில். அக்கா வாணியம்பாடியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மாமா இல்லை, மகன் துபாயில். அவளுக்குச் சர்க்கரை உண்டு. தினமும் காலையில் தானே இன்சுலின் போட்டுக்கொள்வாள்.

அந்தக் கோடையில் அவள் தெருவுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்தது. எவ்வளவு கரண்ட் ஓடியது என்று அரை மணிக்கு ஒரு முறை அதுவே கணக்கு அனுப்பிவிடும். கொஞ்ச நாளில் ஒரு தனியார் கம்பெனிப் பெண் வீட்டுக்கு வந்தாள். தனியாக இருக்கிறவர்களுக்கான சேவையாம். மீட்டர் கணக்கைப் பார்க்க நாம் அனுமதி கொடுத்தால், தினமும் காலை ஆறிலிருந்து ஏழுக்குள் வீட்டில் வழக்கம்போல் கரண்ட் ஓடியதா என்று பார்ப்பார்கள். ஓடியிருந்தால் சொந்தக்காரர் போனுக்குப் பச்சை டிக். இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை, கூடவே போன். அக்காவின் காலைப்பொழுது கடிகாரம் மாதிரி. ஆறு மணிக்குத் தண்ணீர் மோட்டார், ஆறரைக்கு மிக்ஸி.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படித்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "இத யார் யார் பாப்பீங்க? எத்தினி நாள் வெச்சிருப்பீங்க? நாளைக்கே வேணாம்னா நான் எப்டி நிறுத்தறது?" மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் ஓ.டி.பி.யைச் சொன்னாள். டிக் வர வேண்டிய இடத்தில் என் நம்பரைக் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை காதில் வாங்கவில்லை.

மறுநாள் ஷெட் வாசல் டீக்கடையில் பெருமையாகச் சொன்னேன். என்னோடு வேலை செய்கிற தோஸ்த் ஒருவன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரகசியக் குரலில் சொன்னான்: "கரண்டு கணக்கு மட்டும்தான் எடுக்கறான்னு நெனச்சியா? ஊட்ல பேசறது பூரா போவுது தோஸ்த்."

வெளியே சிரித்தேன். உள்ளே நம்பிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கொஞ்சம் தயிர் வேண்டும் என்பதைக்கூட அவளை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய்த்தான் கேட்டேன். அடுத்த முறை போனபோது ஷெட்டிலிருந்து தடிமனான எருமைத் தோல் துண்டு ஒன்றைக் கொண்டுபோய் மீட்டரைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அக்கா வெளியே வந்து பார்த்தாள்.

"இன்னாடா இது, மீட்டருக்கு ஷூ போட்டு வுட்டிருக்க? இன்னொரு காலுக்கு எங்க?"

கீழ்வீட்டு அம்மா வரைக்கும் கூப்பிட்டுக் காட்டினாள். உருது பேசுகிற அந்த அம்மா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அக்கா என்னை உட்காரவைத்துச் சொன்னாள். மீட்டருக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை. எத்தனை மணிக்கு எவ்வளவு கரண்ட், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

காது பயம் போனது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அடுத்த பயம் ஏறி உட்கார்ந்தது. எத்தனை மணிக்கு எவ்வளவு கரண்ட் என்று தெரிந்தால், வீட்டில் ஆள் இல்லாத நேரமும் தெரியுமே? அக்கா ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போகிறாள். அந்தக் கணக்கு ஒரு திருடன் கையில் கிடைத்தால்? இது முட்டாள் கேள்வி அல்ல. அக்காவிடம் கேட்டிருந்தால் அந்தக் கம்பெனியிடமே போன் போட்டுக் கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. இன்னொரு முறை அவள் கீழ்வீட்டைக் கூப்பிட்டுக் காட்டுவாளோ என்ற வெட்கம். அதனால் என் சொந்த மூளையைப் போட்டேன்.

எங்கள் ஷெட்டில் பெரிய மர டிரம்மில் தோலை ஊறப்போடுவோம். ராத்திரி முழுக்க ஊற வேண்டும், ஆனால் அசையாமல் கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்காக ஒரு டைமர் வைத்திருப்போம். அரை மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் டிரம் தானாகச் சுற்றி நிற்கும். ஆள் தூங்கினாலும் வேலை நடக்கும். கழற்றிப்போட்ட பழைய டைமர் ஒன்றையும், யார்டில் கிடந்த, மோட்டார் அளவுக்குக் கரண்ட் இழுக்கும் பெரிய ஃபோகஸ் லைட் ஒன்றையும் முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தபோது அவள் திறக்கவே திறக்காத ஸ்டோர் ரூமில் இரண்டையும் மாட்டினேன். வெளிச்சம் தெரியாமல் கதவிடுக்கில் சாக்கை அடைத்தேன். இனி அரை மணிக்கு ஒரு முறை அந்த வீட்டில் ஆள் இருப்பதாக மீட்டர் கணக்கு அனுப்பும். எந்தத் திருடனும் ஏமாந்துபோவான்.

ஸ்டோர் ரூம் கரப்பான் பூச்சிகளுக்குத் தினமும் திருவிழா. எனக்கு நிம்மதி. டிரம் டைமருக்கு ஞாயிறு எது, புதன் எது என்று தெரியாது. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. அடுத்த கரண்ட் பில் இன்னும் வந்திருக்கவில்லை. காலை ஏழு மணிக்கு டீக்கடையில் நின்றிருந்தேன். பச்சை டிக் வந்தது. வழக்கம்போல் போனுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, இரண்டாவது டீ சொன்னேன்.

எட்டு மணி தாண்டிக் கீழ்வீட்டு அம்மா போன் செய்தார்.

"அண்ணா, சிஸ்டர் கீழ வுழுந்து கெடக்குறாங்க. கூப்ட்டா பேச மாட்றாங்க. சீக்கிரம் வாங்கண்ணா."

அக்கா அன்றும் எழுந்ததும் இன்சுலின் போட்டிருக்கிறாள். சாப்பிடுவதற்குள் சர்க்கரை இறங்கி, மோட்டார் ஸ்விட்ச் வரைக்கும்கூடப் போக முடியாமல் அடுப்படியில் விழுந்துவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் மேலே ஒரே டேங்க். கீழே குழாயில் தண்ணீர் நின்றுபோனதால், மோட்டார் போடச் சொல்லலாம் என்று அந்த அம்மா மேலே ஏறி வந்திருக்கிறார். அடுப்படி ஜன்னல் வழியாக, தரையில் நீட்டிக் கிடந்த அக்காவின் கால்களைப் பார்த்திருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் தாழ்ப்பாளை உடைத்தார். நான் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழிந்திருந்தால் கண் திறந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

சாயங்காலம் அக்காவுக்குத் தெளிவு வந்தது. நர்ஸ் மூளை. முதலில் வந்ததே இந்தக் கேள்விதான்: "நான் மோட்டார் போடல, மிக்ஸி போடல. உனக்கு செகப்பு வந்திருக்கணுமே. ஏன்டா வரல?"

எனக்குத் தெரியும். அவள் தலையணையைச் சரிசெய்தேன்.

"அப்ப அவங்கமேலதான் தப்பு. அந்தப் பொண்ண வரச் சொல்லு. கேட்டுடலாம்."

வரச் சொன்னேன். அதுதான் என் வாழ்நாளிலேயே நான் செய்த கேவலமான போன். அந்தப் பெண் மறுநாள் காலையில் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அம்மா, எங்க கணக்குல அன்னிக்கு கரண்டு ஓடியிருக்கும்மா. எப்டின்னே தெரியலம்மா. ஆபீஸ்ல என்னைத்தான் கேக்குறாங்க," என்றாள். என் பெண் வயதுதான் இருக்கும்.

எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்த வாய் இது. அன்று ஒரு சிரிப்பும் உதவவில்லை. டிரம் டைமர், ஃபோகஸ் லைட், கதவிடுக்குச் சாக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அந்தப் பெண் அழுதுவிட்டாள். ஆபீசுக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பெண் போன பிறகு அக்கா சொன்னாள்:

"பயந்தது தப்பில்லடா. ஆள் இல்லாத நேரம் அதுல தெரியுந்தான். எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். என் வூட்டுக் கணக்க யாருக்குக் காட்டறதுன்னு நான் முடிவு பண்ணேன். எனக்குத் தெரியாம நீ வேற கணக்கக் காட்டிட்ட."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதில்லை. இப்போது வாக்கர் வைத்து நடக்கிறாள். சர்ச் படி ஏற முடியவில்லை. ஸ்டோர் ரூம் டைமரைக் கழற்றிவிட்டேன். அனுமதியை அவள் நிறுத்தவில்லை. பச்சை டிக் போகிற இடத்தில் கீழ்வீட்டு அம்மாவின் நம்பரையும் சேர்த்திருக்கிறாள். எனக்கும் தினமும் வருகிறது. வந்தாலும் நான் அக்காவுக்கு ஒரு போன் போடுகிறேன். "இன்னாடா, உசுரோடதான் இருக்கேன்" என்று அவள் சொன்ன பிறகுதான் டீ.

அந்தப் புதன்கிழமைக் கணக்கை அந்தப் பெண்ணிடம் ஒரு நகல் கேட்டு வாங்கினேன். மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன். அதில் மீட்டர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு மேல் அந்த வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது. எரிந்தது என்று அது சொன்னது. அதே நேரத்தில் இரண்டு சுவர் தள்ளி, அடுப்படித் தரையில் என் அக்கா கிடந்தாள்.