தேரிக்காட்டு வீடும் மூன்றாவது பெட்டியும்

போன பதிவில் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சிலர், "அங்கிருந்து தேரிக்காட்டுக்கு எப்படிப் போவது, பார்க்க அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். முதல் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு முடியாது. ஏனென்றால் நான் அங்கே சுற்றிப் பார்க்கப் போகவில்லை, குடியேறப் போனேன். அதுவும் மூக்கால் அழுதுகொண்டே போனேன்.

1976 ஜூன் மாதம். எனக்கு இருபத்தெட்டு வயது. மதுரையில் ஒரு சேலைக் கடைக்குக் கரையும் முந்தானையும் வரைந்து கொடுக்கிற வேலை. கட்டக் காகிதத்தில் நான் வரைவதைத் தறிக்காரர்கள் நெய்வார்கள். என் கணவர் வனத்துறையில் இருந்தார். மணல் பறந்து ஊருக்குள் வராமல் இருக்க, தேரி என்கிற மணல்மேட்டுக் காட்டில் முந்திரியும் சவுக்கும் நடுகிற வேலைக்கு அவரை மாற்றினார்கள். என் கடை முதலாளி நல்லவர்தான், ஆனால் கறார். "ஆவணி முதல் திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு ஆறு புது மாதிரியோட நீயே நேர்ல வந்து நிக்கணும்மா. வந்தா அங்கிருந்தே வரைஞ்சு அனுப்பலாம். வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்றார்.

நான் என் பங்குக்குக் கணவருக்கு ஒரு நிபந்தனை போட்டேன். அந்தக் காட்டில் எனக்கு வரைய வரவில்லை என்றால் மதுரைக்கே திரும்பிவிடுவேன், வேலையை விட மாட்டேன் என்றேன். "சரி" என்றார். அவர் எதற்கும் சரி என்பவர். அவரோடு சண்டை போடுவதே கஷ்டம்.

காலை ஐந்தரைக்கு மதுரையில் பேருந்து. ஆளுக்கு எட்டு ரூபாய் இருபது காசு. எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போய்ச் சேரப் பத்து மணி ஆயிற்று. கணவர் நாற்றுப் பைகளுக்குக் கையெழுத்துப் போடப் போன ஒரு மணி நேரமும் நான் துறைமுகத்துப் பக்கம் நின்றேன். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றுகிற தோணிகள் வரிசையாகக் கிடந்தன. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு நாலு நிறமாகிவிட்ட பாய்கள், கரையில் குவித்த சங்கு, வெயிலில் மின்னும் உப்பு மூட்டைகள். எனக்கு வயிறு எரிந்தது. வரைய வேண்டியதெல்லாம் இங்கே கொட்டிக் கிடக்கும்போது நான் ஏன் முள்ளுக்காட்டுக்குப் போக வேண்டும்?

மக்ரூன் வாங்கிய மிட்டாய்க் கடையில், "எங்கன போறிய?" என்று கேட்டார் அண்ணாச்சி. சொன்னேன்.

"தேரிக்கா? அங்கன சோத்துல பாதி மணலுல்லா இருக்கும். மெல்லாம முழுங்கப் பழகிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தில் இரண்டு மக்ரூனைக் கூடுதலாகப் போட்டார். இரக்கப்பட்டுக் கொடுக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றரை மணி நேரம், இரண்டு ரூபாய் நாற்பது காசு. ஆறுமுகநேரி வரைக்கும் வழி நெடுக உப்பளம்தான். திருச்செந்தூரில் சாப்பிட்டுவிட்டு மாட்டு வண்டி பிடித்தோம். காயாமொழி தாண்டிப் பத்து கிலோமீட்டர், ஆறு ரூபாய். வண்டிக்காரர் சுடலைமுத்து கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "சக்கரம் மணல்ல எறங்கிட்டுன்னா நாமளும் எறங்கிரணும்மா. மாடு பாவம்லா." நாலு தடவை இறங்கினோம். கடைசி ஒரு கிலோமீட்டர் நடந்தேதான் போனோம். மணல் செக்கச்செவேல் என்று மிளகாய்ப்பொடி கொட்டினாற்போல் இருந்தது. அதில் உடைமரமும் பனையும் கொல்லாமரப் புதரும். கொல்லாமரம் என்றால் அந்த ஊரில் முந்திரி. நடுவில் எங்கள் ஓட்டு வீடு, இரண்டு அறை.

ஆடிக் காற்றைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரைக்கும் ஓயாது. நேற்று வாசலுக்கு இடதுபுறம் இருந்த மணல் மேடு இன்றைக்கு வலதுபுறம் இருக்கும். கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மணல். கட்டக் காகிதத்தை விரித்தால் இரண்டு நிமிடத்தில் கட்டம் தெரியாது. ஐந்து வாரத்தில் ஒரு கோடுகூட உருப்படியாக விழவில்லை. மாங்காயையும் மயிலையும் மறுபடி மறுபடி வரைந்து கிழித்துப் போட்டேன். கணவர் சாயங்காலம் வந்து கிழிந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கை கழுவப் போவார். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

அரை கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரே வீடு ஞானப்பூவுடையது. என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் கணவர் பனையேறுபவர். இவள் குருத்தோலையில் பெட்டி முடைவாள். பச்சை, சிவப்பு, ஊதா என்று சாயம் காய்ச்சி ஓலைக் கீற்றை நனைத்து முடைகிற பெட்டிகள். விடியற்காலை நாலு மணிக்கு உட்கார்ந்து, காற்று கிளம்புவதற்குள் எழுந்துவிடுவாள். காற்றில் ஓலை காய்ந்தால் மடக்கும்போது ஒடிந்துபோகும். ஒருநாள் நல்லெண்ணெய் கேட்டு விடியற்காலையில் அவள் வீட்டுக்குப் போனவள், எண்ணெயை மறந்து ஏழரை மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் போனேன். அவள் பெட்டியில் இருந்த சதுரம், படிக்கட்டு, மீன்முள் கோலங்களையெல்லாம் கட்டக் காகிதத்தில் ஏற்றினேன். பத்து நாளில் ஐந்து மாதிரி தயார். "வரைஞ்சுக்கிடுங்கக்கா, ஓலையா குறையப்போவுது?" என்பாள். ஆறாவது மட்டும் அமையவில்லை.

அந்தச் சமயம் பக்கத்தில் நாசரேத் ஊரில் ஒரு கல்யாணத்துக்காக அவள் ஏழு பெட்டி முடைந்திருந்தாள். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற அடுக்கு. வரிசைப் பலகாரம் வைக்கிற பெட்டிகள், ஏழாவதில் தாலி. கல்யாணம் ஆவணி முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. நான் மதுரையில் போய் நிற்க வேண்டிய அதே நாள், அதே நேரம். அவள் வீட்டில் அணில் தொல்லை என்று, கதவு உள்ள எங்கள் வீட்டில் அடுக்கைக் கொண்டுவந்து வைத்தாள். இங்கேதான் நான் புத்திகெட்ட வேலை ஒன்று செய்தேன். சனிக்கிழமை மத்தியானம், ஆறாவது மாதிரிக்கு வழி தேடி, மூன்றாவது பெட்டியின் மூலை எப்படித் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ள நாலு கீற்றை உருவிப் பார்த்தேன். சேலை நூலைப் பிரித்துப் பிரித்துப் பழகிய கை. பார்த்துவிட்டு மறுபடி சொருகிவிடலாம் என்று நினைத்தேன். காய்ந்த ஓலை படபடவென்று ஒடிந்தது. ஒரு மூலை போனதும் பெட்டியே கையோடு வந்துவிட்டது.

சாயங்காலம் ஞானப்பூ பார்த்தாள். ஒடிந்த கீற்றுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு வெடித்தாள்: "ஏளா, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? பாக்கச் சொன்னா பிச்சா போடுவ?"

"நாளைக்கு ஒண்ணு முடைஞ்சிரலாமே?" என்றேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை. ஓய்வு நாள்ல நாங்க ஓலையத் தொட மாட்டோம். திங்கக்கெழம நாலு மணிக்கு உக்காந்தாலும் ஒரு பெட்டிக்கு ஏழு மணி நேரம் ஆவும். ஏழு இல்லாம அடுக்கக் கொண்டுபோனா, தாலிக்கு அபசகுனம்னு என்னையல்லா ஏசுவாங்க. பெறகு யாரு எங்கிட்ட பெட்டி கேப்பா?"

எனக்கு ஓய்வு நாள் கிடையாது. அதைச் சொன்னேன். "நீ தொட வேண்டாம் ஞானப்பூ. சொல்லு, நான் முடையறேன்." அவள் என் கையைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை துளியும் இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரியே, ஞாயிறு பிறப்பதற்குள், கீற்றுகளைக் கிழித்துச் சாயம் ஏற்றி ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டாள்.

ஞாயிறு பதினொன்றரைக்கு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து நேராக வெள்ளைச் சேலையோடு வந்தாள். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தித் தரையில் தண்ணீர் தெளித்தோம். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் செருகிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். "வாயால சொல்லுதது வேலையில சேருமாக்கா?" என்று அவளே கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஐயரும் வாயாலதான பிரசங்கம் வைக்காரு" என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். ஐயர் என்றால் அங்கே சபைக் குருவானவர்.

அடிப்பாகம் முடியவே இரண்டு மணி நேரம். அளவு பெரிதாகி ஒருமுறை பிரித்தேன். இரண்டு மணிக்கு வாசலில் சுடலைமுத்துவின் வண்டி வந்து நின்றது. நாலரை மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் காலையில் மதுரையில் இருக்க முடியும். ஆறாவது மாதிரியைப் போய்ச் சேர்ந்து ராத்திரியில் எப்படியாவது வரைந்துகொள்ளலாம் என்று இருந்தேன். கணவர் என் பையை எடுத்து வாசலில் வைத்தார். என் மடியில் வெறும் அடிப்பாகம்.

"நீங்க போங்கக்கா. நான் அவங்ககிட்ட எதையாவது சொல்லிக்கிடுதேன்" என்றாள் ஞானப்பூ. கோபமெல்லாம் போய்விட்ட குரல். அது இன்னும் மோசமாக இருந்தது. போயிருக்கலாம். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. எட்டு வருட வேலை, என் சம்பளம், என் பெயர் எல்லாம் அந்த வண்டியில்தான் இருந்தது. ஆனால் என் கையால் கெட்டதை அப்படியே விட்டுவிட்டு வண்டியேறினால், மதுரையில் அந்த ஐந்து மாதிரிகளை எந்த முகத்தோடு விரிப்பேன்? "வண்டியை அனுப்பிடுங்க" என்றேன். கணவர் சரி என்றார். சுடலைமுத்து, "மாட்டை வீணா நடக்க வச்சிட்டியளேம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அப்புறம்தான் மூலை வந்தது. "பக்கத்துப் பக்கத்துல படுத்துக் கெடக்குல்லா, அந்த ரெண்டு கீத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு போடுங்க. போட்டு இழுங்க. பயப்படாம இழுங்க" என்றாள். இழுத்தேன். தரையில் கிடந்த ஓலை சுவராக எழுந்து நின்றது. அடியில் ஓடிய சிவப்புக் கோடு அறுபடாமல் திரும்பி மேலே ஏறியது. அதுவரை நான் வரைந்த எல்லாச் சேலையிலும் கரை ஓடிவந்து முந்தானையில் முட்டி நின்றுவிடும், அங்கே வேறு கோலம் ஆரம்பிக்கும். திருப்பலாம் என்று எட்டு வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை.

மூடியும் விளிம்பும் முடிய ஏழு மணி. இரண்டாவதுக்குள் அது கொஞ்சம் முக்கிக்கொண்டுதான் போயிற்று. மறுநாள் கல்யாண வீட்டில் அதைத் திறக்க இரண்டு பேர் இழுத்தார்களாம். "இவ்ளோ இறுக்கமா முடைஞ்சது யாருளா?" என்று பெண்ணின் தாயார் கேட்டதற்கு, ஞானப்பூ "புது ஆளு" என்றாளாம்.

பத்து நாளில் கடையிலிருந்து கடிதம் வந்தது. வேறு ஆள் போட்டாயிற்று. அன்றைக்குப் பகல் முழுக்க அழுதேன். நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்றெல்லாம் எழுத எனக்கு மனசில்லை. இரண்டு வருடம், ஒவ்வொரு மாதமும் சம்பளத் தேதி வரும்போது வாய் கசந்தது. மூலை திரும்பும் கரையை வேறு ஊர்த் தறிக்காரர்களுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தேன். 1978-இல்தான் ஒருவர் நெய்தார். அதற்கப்புறம் மெதுவாக மற்றவர்களும் கேட்டார்கள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. திருச்செந்தூரிலிருந்து இப்போது ஆட்டோவே காட்டின் ஓரம் வரை போகிறது, திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். ஆடியில் போகாதீர்கள். மார்கழி, தை நல்லது. காலை ஒன்பது மணிக்குள் மணலை விட்டு வெளியே வந்துவிடுங்கள், அதற்கு மேல் செருப்பையும் மீறிச் சுடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். பெட்டி முடைகிறவர்கள் வீட்டுக்குப் போவதானால் விடியற்காலையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். எத்தனை நாள் தங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு காலையும் மறு காலையும் தாராளமாகப் போதும்.

எங்களுக்கு மூன்று வருடம் ஆயிற்று. 1979 வைகாசியில் கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது, மதுரைக்கே. மனிதர் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடியே வந்தார். நான் சந்தோஷத்தில் குதிப்பேன் என்று நினைத்திருக்கிறார். நான் ஞானப்பூவோடு சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு, "நீங்க போய்ச் சேருங்க, நான் வரலை" என்றேன்.

கல்யாணமாகி முதல் தடவையாக அவர் சரி என்று சொல்லவில்லை.