கம்பிக்காரம்மாவின் கை

கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்களுக்குக் கைக்காய்ப்புதான் சொத்து. சந்தேகமிருந்தால் கம்பிக்காரம்மாவைக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வாள். கையுறை போட்டால் கட்டு இறுகியதா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. அதனால் அவளுக்கு எப்போதும் வெறுங்கைதான். வேலை முடிந்ததும் துருவைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். காய்ப்பின் ஓரத்தை மட்டும் கல்லில் லேசாகத் தேய்த்து, வெடித்துவிடாமல் எண்ணெய் தடவுவாள். பதினோரு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. புருஷனைக்கூட அவ்வளவு கவனித்திருக்க மாட்டாள், பாவம் அந்த மனுஷன்!

அப்படிப்பட்டவளுக்குக் காண்டிராக்டர் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். திங்கட்கிழமை ஒரு வீட்டு மாடித் தளத்தின் கம்பிக் கட்டு முழுக்க அவள் பொறுப்பு. அவளுக்குக் கீழே ஆறு ஆட்கள். நாலு மணிக்குக் கான்கிரீட் லாரி வருவதற்குள் இன்ஜினியர் தலையாட்டிவிட்டால் அவள் மேஸ்திரி. இல்லையென்றால் பழையபடி கூலிதான்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறவள் அவள். "மேஸ்திரி ஆகப்போற கையாம்மா இது? கொண்டா இங்க" என்று வெந்நீரில் ஊறவைத்தாள். அந்தச் சூடு சுகமாக இருக்கவே அம்மா நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். கண்விழித்துப் பார்த்தால் உள்ளங்கை வழவழவென்று இருக்கிறது!

"அடிப்பாவி! பதினோரு வருஷச் சம்பாத்தியத்தை அரை மணி நேரத்துல சுரண்டி எறிஞ்சிட்டியேடி!"

மகளுக்கு முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் கை முழுக்கக் கொப்புளம். துணி சுற்றிப் பார்த்தாள், கட்டு இறுகுவது தெரியவில்லை. அவிழ்த்து எறிந்தாள். ஆறு பேரில் மொட்டை என்பவனுக்கு ஒரு பொம்பளை சொல்லித் தான் கேட்பதா என்று முதலிலிருந்தே எரிச்சல்.

"என்னக்கா, நகத்துக்குச் சாயம் பூசறதுதான் பாக்கியா?" என்று இளித்தான்.

"அது இருக்கட்டும், உன் கட்டு ஆடுது பாரு."

குனிந்து ஆட்டிப் பார்த்தான். ஆடத்தான் செய்தது. மறுபடி முறுக்கி இறுக்கினான்.

மத்தியானத்துக்குள் கொப்புளங்கள் உடைந்துவிட்டன. உயிர் போகிற எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு தன் பங்கைக் கட்டினாள். மற்றவர்கள் கட்டியதையும் ஒன்றுவிடாமல் தொட்டுப் பார்த்தாள். தோல் போனாலும் விரல் வேலையை மறக்கவில்லை.

மூன்றரைக்கு இன்ஜினியர் வந்தார். கம்பிமேல் நடந்து, பூட்ஸ் காலால் அங்கங்கே உதைத்தார். ஒரு கட்டுகூட அசையவில்லை.

"நல்லா இருக்கே! யாருப்பா இங்க மேஸ்திரி?"

அவள் வாய் திறப்பதற்குள் மொட்டை முந்திக்கொண்டான். "எங்க அக்காதான் சார்."

சாயங்காலம் மருந்தும் கையுமாக வாசலிலேயே நின்றிருந்தாள் மகள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "எல்லாத்தையும் கெடுத்துட்டேனாம்மா?"

"போடி பைத்தியம். காய்ப்பு ரெண்டு மாசத்துல தானா வந்துரும். மேஸ்திரிங்கிற பேரு தானா வருமா? வாங்கிட்டு வந்திருக்கேன், பாரு!"

புண்ணான இரண்டு கைகளையும் மகளின் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள் மேஸ்திரி.