பிறந்த வருடப் பட்டியல்

போட்டிக்கான படிவத்தில் பிறந்த வருடப் பட்டியல் என் வருடம் வரை இறங்கவே இல்லை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இளம் எழுத்தாளர் சிறுகதைப் போட்டி என்று தெரிந்துதான் திறந்தேன். ஆனாலும் முப்பது வயதோடு நின்றுவிடும் என்று நினைக்கவில்லை. எனக்கு ஐம்பத்தொன்று.

கதை தயாராக இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் துணி சரிபார்க்கும் கம்பெனியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனிலேயே ஒரு மாதமாக அடித்தது. எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் பதிவானாலும் ரேஷன் கார்டு திருத்தமானாலும் மகளின் நம்பரைத்தான் கொடுப்போம், ஓ.டி.பி. அவளுக்குத்தான் வரும். பழகிய கை. அவள் பெயரையும் வருடத்தையும் போட்டு அனுப்பிவிட்டேன்.

முதல் பரிசு என்று அவளுக்குத்தான் போன் வந்தது.

"நான் எழுதலைன்னு சொல்லிடறேம்மா."

"இப்ப சொன்னா நீ ஏமாத்தினதாத்தான் பேசுவாங்க. கேம்பஸ் இன்டர்வியூ வருது."

பாடியிலுள்ள லேத் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்த அவள் அப்பா, செருப்பைக் கழற்றாமலே கேட்டார்: "இன்னாத்துக்குமே இந்த வயசுல உனக்குக் கத? புள்ளய மாட்டி வுட்டுகினு நிக்கிறே!"

ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் விழா. பஸ்ஸில் அவள் என் கதையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டு வந்தாள்.

நடுவருக்கு என் வயதுதான் இருக்கும். "மாதவிலக்கு நிற்கிற வயதில் ஒருத்தி, மின்விசிறிக்குக் கீழேயே வேர்த்து நனைகிறாள். இருபது வயதில் என்ன கற்பனை!" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் பெயரில் வந்திருந்தால் அதையே புலம்பல் என்றிருப்பார்கள்.

"எப்படிம்மா எழுதினே?" என்று மகளிடம் கேட்டார்.

மகள் மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"அம்மாவப் பாத்துதான் சார்."

முடிந்ததும் அவர் எங்களிடம் வந்தார். "நீங்களும் எழுதுவீங்களாம்மா?"

மகள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. சொல்லிவிடலாம். யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

"எனக்கெல்லாம் எங்க சார் நேரம்" என்றேன்.

கை விலகியது. தொகுப்புக்கு இன்னொரு கதை வேண்டும் என்று அவர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள். இறங்கிய பிறகுதான் பேசினாள். "அவரே கேட்டாரேம்மா. என்னை இந்தப் பொய்யிலயே விட்டுட்டியே."

மூன்று வாரமாகிறது. விழாவில் கொடுத்த கேடயத்தைப் பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். இன்டர்வியூவுக்கான விவரத் தாளில் பரிசைப் பற்றி எழுதவில்லை. இனி என்ன எழுதினாலும், நடையை வைத்து அது அவள் பெயருக்குத்தான் போகும். தெரிந்தும், நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் நாலு வரி அடித்தேன். டப்பாவை மூடுவதற்குள் அழித்துவிட்டேன். வரிகள் இன்னும் மனப்பாடமாக இருக்கின்றன.