சின்னப்பாப்பாவின் இடம்

அமிர்தவல்லிக்கு வீடு கருவடிக்குப்பத்தில். நர்ஸ் வேலை, தவளக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வயலோரமாக நடந்து போய்ச் சேரும் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில். இரண்டு அறை, முன்னால் நீளமாக ஒரு வராந்தா. செவ்வாய்க்கிழமை கருத்தடை மாத்திரை கொடுக்கும் நாள். அன்று வராந்தா முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் பயந்தவர்கள். நர்சம்மா கொடுக்கும் மாத்திரையைத்தான் நம்பியிருந்தார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மாத்திரை வருவது நின்றது. ஆண்களுக்கான நிரோத் உறையும் வரவில்லை. "அடுத்த வாரம் வந்துடும்" என்று அமிர்தவல்லி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வருவதை விட்டார்கள். சின்னப்பாப்பா மட்டும் விடவில்லை. கடைசிப் பிரசவத்தில் சாகக் கிடந்து பிழைத்தவள்.

"இன்னொண்ணு வந்தா நா தாங்க மாட்டேன் நர்சம்மா" என்பாள். பிறகு அவளும் வரவில்லை.

அதன்பின் ஊரே வேறு மாதிரி ஆனது. தெருவில் கேட்கும் பேச்சு, அமிர்தவல்லி நெருங்கியதும் அடங்கிவிடும். போகும்போது திறந்திருந்த கதவுகள் திரும்பி வரும்போது சாத்தியிருக்கும். சாத்திய சத்தத்தை மட்டும் அவள் கேட்டதே இல்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்ட காலையில் அவள் வந்தபோது வராந்தா நிறைந்திருந்தது. எல்லாரும் பழைய வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எல்லார் வயிறும் மேடிட்டிருந்தது.

வீராயி என்பவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் கிடந்தது. அப்படியும் ஒரு பெண் ஈரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அங்க எடம் இருக்கே, உக்காரும்மா" என்றாள் அமிர்தவல்லி.

"அது சின்னப்பாப்பா எடம்" என்றாள் வீராயி.

"அவ எங்க?"

எல்லாரும் அந்த இடத்தையே பார்த்தார்கள்.

"வயித்துல நின்னுடிச்சின்னு கலைக்க எருக்கங்குச்சி வெச்சிக்கிட்டா" என்றாள் வீராயி. "ரத்தம் நிக்கல. ஆவணியிலேயே போயிட்டா."

அமிர்தவல்லி உள்ளே போய் ஒவ்வொருத்தியாகப் பரிசோதித்தாள். வீராயி வெளியே போனதும் அடுத்தவள் வரவில்லை; அது சின்னப்பாப்பாவின் முறை. ஒருத்தியைப் பார்த்து முடிக்கும் நேரம் முழுக்க, காலியான நாற்காலிக்கு எதிரே அமிர்தவல்லி உட்கார்ந்திருந்தாள். வாசலில் யாரும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அடுத்தவள் உள்ளே வந்தாள்.

மறுநாள் டவுனில் மருந்துக் கிடங்குக்குப் போனாள்.

"மேலேருந்தே வரலம்மா, நா என்ன பண்றது?" என்றார் கிடங்கு பார்க்கும் நாராயணசாமி.

"ஒரு பொம்பள செத்துட்டா சார். நா வெறுங்கையோட போவ முடியாது."

அவள் நகரவில்லை. கடைசியில் அவர் வேறொரு நிலையத்துக்கு வைத்திருந்ததில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு மாதாமாதம் அவளே போய் நின்று வாங்கி வந்தாள்.

அந்தப் பெண்களுக்கு அது பயன்படவில்லை. அவர்களின் பிரசவம் எல்லாவற்றையும் அவள்தான் பார்த்தாள். ஒருத்தியையும் சாக விடவில்லை. வலியில்கூட அவர்கள் அவளிடம் பேசவில்லை. வீராயிக்குப் பெண் பிறந்தபோது அமிர்தவல்லி தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"எம்மேல கோவமா வீராயி?"

"கோவமில்ல நர்சம்மா" என்றாள் வீராயி, கூரையைப் பார்த்தபடி. "மாத்திரை நின்னப்புறம் ஒங்ககிட்ட பேசறதுக்கு எங்களுக்கு என்ன இருந்துச்சி?"

அமிர்தவல்லி குழந்தையைத் துடைத்து அவள் பக்கத்தில் படுக்க வைத்தாள்.