லேதுவா, லேதவா

இரண்டு வருடம் முன்பு, செகந்திராபாத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நடந்தது இது. என் மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம். நான் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மல்லாபூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் வேலை செய்கிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. தெலுங்கு காதில் விழும், மண்டையில் ஏறாது. சும்மாவே எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் வேறு.

ஸ்கேன் அறைக் கதவு லேசாகத் திறந்தது. உள்ளே நர்ஸ் என் மனைவியிடம், "இங்கா லேத எமுகலே" என்றது கேட்டது. எமுக என்றால் எலும்பு, லேது என்றால் இல்லை, இந்த இரண்டும் எனக்குத் தெரியும். பிள்ளைக்கு எலும்பே இல்லை என்று எடுத்துக்கொண்டேன். கதவு மூடிவிட்டது. அவள் அழுகிறாளோ என்று காதை வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் அக்காவுக்காகக் காத்திருந்த ஒரு தமிழ்ப்பெண், "என்னாச்சுண்ணா?" என்றார். சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அது லேது இல்லண்ணா, லேத. எளசுன்னு அர்த்தம். இன்னும் எளசான எலும்புதான்னு சொல்லிருக்காங்க. எளநி வண்டியில லேத கொப்பரி கேப்பாங்கள்ல, அந்த லேத."

"எலும்பு எளசா இருந்தா புள்ள எப்பிடி நிக்கும்?"

அவர் கோழிக் கருவில் எலும்பு வளர்வதைத்தான் ஆராய்ச்சி செய்கிறாராம். பொறுமையாகச் சொன்னார். "வயித்துல எல்லாருக்கும் மொதல்ல குருத்தெலும்புதாண்ணா, நம்ம காது மடல் மாதிரி. ஒவ்வொரு செல்லு மேலயும் சேதி வாங்க ஒன்னு இருக்கு. ரிசெப்டர்னு பேரு. பக்கத்து செல்லு, குருத்தெலும்பா மாறுன்னு சேதி அனுப்பும். போதும், நிறுத்துன்னும் அனுப்பும். அதக் கேட்டுத்தான் கை காலு உருவாகும். அப்பறம் மெல்ல எலும்பா இறுகும்."

"சரியா கேக்கலன்னா?"

"சில பேருக்கு அப்பிடி ஆகும். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க புள்ளைக்கு அப்பிடின்னு யாரும் சொல்லலையே. இப்ப தப்பாக் கேட்டது நீங்க மட்டும்தான்."

மனைவி வெளியே வந்தாள். இதே ஊரில் அல்வாலில் பிறந்து வளர்ந்தவள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறதாம். என் முகத்தைப் பார்த்துக் கதையைக் கேட்டவள் அந்தப் பெண்ணிடம், "இவருக்குத் தெலுங்கு நக்கோ, வேணவே வேணாம், பயம் ஒன்னு போதும்" என்றாள்.

வெளியே இளநீர் வண்டியில் நானே வாய் திறந்து லேத கொப்பரி கேட்டேன்.

மகள் இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள். எனக்குப் பயம் இன்னும் விட்டபாடில்லை. ஆனால் நெஞ்சு படபடக்கும்போதெல்லாம், சரியாகத்தான் கேட்டோமா என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.