புகையே தெரியாத இருமல்

அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகை நேரமானால், ஜின் நுழைந்துவிடும் என்று எங்கள் வீட்டில் கதவு, ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். அன்று வளாகத்தில் என்னோடு படிக்கும் தோழி சொல்லித்தந்த உறைப்பான சோயா சொசேஜைப் பெருமையோடு பொரித்துக்கொண்டிருந்தேன். திடீரென உம்மா இருமினார். பிறகு தங்கை. கட்டிலுக்கடியில் பூனையும் தும்மியது. புகையே தெரியவில்லை.

“என்னமோ உள்ளுக்கு வந்திட்டு புள்ள, ஜன்னல இறுக்கிப் பூட்டு!” என்றார் உம்மா.

குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன நானும் அதை நம்பி ஓடிப்போய்ப் பூட்டினேன். மூச்சிழுப்பு நோயுள்ள தங்கையின் இருமல் சட்டென நின்றது. அவளுக்கு மூச்சு வரவில்லை. முற்றத்துக்குத் தூக்கி ஓடினேன். கடற்காற்று பட்டதும் மூச்சு திரும்பியது.

குசினியில், சொசேஜிலிருந்து கசிந்த மிளகாய் எண்ணெய் தாச்சியில் கருகிக்கொண்டிருந்தது.

இப்போது பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே, நெருப்பைக் குறைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் பொரிக்கிறேன்.

“ராத்தாட ஜின் வெளிய போகட்டும்” என்று அக்காவான என்னைக் கேலி செய்தபடி தங்கைதான் ஜன்னலைத் திறந்துவிடுகிறாள்.