தலைதட்டிய டின்

மலாயாவில், மம்பாவ் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தில் அரிசி அளந்து போட்டவர் எங்களை வேலை வாங்கிய மண்டோர். ஒட்டிய கன்னம், சாக்குத்துணியில் தைத்த கால்சட்டை. பால் டின்னில் அள்ளி, மூங்கில் சிம்பால் தலைதட்டித்தான் போடுவார். சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனவர்களின் பங்கை அந்த வாரமே நிறுத்திவிடுவார். அப்படிப் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, பிள்ளைகளோடு நின்று, "இது நியாயமாண்ணே?" என்று கேட்டபோதும் டின்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அவர் மகனையும் லாரியில் ஏற்றினார்கள். அந்த வாரம் எங்கள் கண்ணெதிரே, மகன் பங்கை விட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு அளந்தார்.

"அவன் பங்கையும் எடுத்துக்குங்கண்ணே," என்றாள் அதே பெண்.

"உன் புருஷனுக்கு நான் போடலியே, தங்கச்சி."

அதுவரை அவரைத் திட்டியாவது பசியை ஆற்றிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து அதற்கும் வழியில்லாமல் போயிற்று.